பம்பாய் வானத்தின் மூன்று அளவைகள்

ஒரு பொருள் உண்டா இல்லையா, உண்டென்றால் எங்கே எப்படி உண்டு என்று துணிவதற்கு மனிதனிடம் உள்ள சாதனங்கள் எவை என்ற விசாரணையில் நம் முன்னோர் மிகுந்த சிரத்தை காட்டியிருக்கிறார்கள். மணிமேகலையில் பத்து அளவைகள் பேசப்படுகின்றன. சிவஞான சித்தியார் அத்தனையையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கிவிடுகிறது. கண்ணால் காண்பது பிரத்தியட்சம். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது அனுமானம். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது ஆப்தவாக்கியம். பம்பாயின் மாதுங்காவிலும் செம்பூரிலும் மாலை நேரச் சொற்பொழிவுகளில் இந்த விஷயத்தைக் கேட்டுத் தலையசைக்கும் பெரியவர்களுக்கு நேர் மேலே, கிண்ணென்ற ஓசையோடு கடந்து செல்லும் ஒவ்வொரு விமானத்தின் பொருட்டும் இந்த மூன்று அளவைகளும் இரவு பகலாகப் பிரயோகிக்கப்பட்டு வருகின்றன என்பது பலர் நினைத்துப் பார்க்காத சங்கதி. பம்பாய் விமான நிலையத்தில் ராடார் வந்ததும், பழையது போய்ப் புதியது வந்ததும், அதன்மேல் மற்றொன்று வந்ததுமான சரித்திரத்தை யந்திரங்களின் வம்சாவளியாகச் சொல்லலாம். ஆனால் இந்த மூன்றில் எதை எவ்வளவு நம்புவது என்ற பழைய வழக்கு புதிய நியாயஸ்தலத்தில் நடந்த கதையாகச் சொல்வதே அதற்குப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1928ஆம் வருஷம் ஜுஹுக் கடற்கரையை அடுத்த தாழ்ந்த நிலத்தில் இந்தியாவின் முதல் சிவில் விமானத் தளம் ஏற்பட்டபோது, காண்டல் ஒன்றே பிரமாணமாக இருந்தது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி, ஜே. ஆர். டி. டாடா புஸ் மாத் என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் தபால் மூட்டைகளுடன் கராச்சியை விட்டுக் கிளம்பி, அகமதாபாத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஜுஹுவில் வந்து இறங்கினார். அங்கிருந்து அவருடைய கூட்டாளியான நெவில் வின்சென்ட் சென்னைக்குரிய தபாலை ஏற்றிக்கொண்டு பெல்லாரி வழியாகப் பறந்தார். அந்த விமானத்தில் ரேடியோ இல்லை. தரையிலும் அதற்கு வழி சொல்லக்கூடிய சாதனம் எதுவும் இல்லை. கடற்கரையும் ரயில் பாதையும் ஆறும் மலையுமே வழிகாட்டிகள். மழைக்காலம் தொடங்கியதும் ஜுஹு சேறாகிவிடும். ஆகவே ஆண்டுதோறும் தபால் விமானங்கள் புனாவுக்குக் குடிபெயர்ந்தன. நாளைக்கு ஒன்றிரண்டு விமானங்கள் வந்துபோன அந்தக் காலத்தில், வானத்தில் ஒன்றோடொன்று மோதிவிடுமோ என்ற கவலை யாருக்கும் எழ நியாயமில்லை.

கவலையை யுத்தம் கொண்டுவந்தது. 1942இல் பிரிட்டிஷ் விமானப் படை சாந்தாகுருஸில், ஜுஹுவை விடப் பெரிய தளம் ஒன்றை அமைத்தது. இன்று ஒரு நாளைக்கு ஆயிரம் விமானங்களைத் தாங்கும் நிலையம் அந்தத் தளத்திலிருந்து வளர்ந்ததே. அதே வருஷத்தில்தான் நம் பக்கத்துக் கடல்களில் ராடார் என்ற பெயர் முதன்முதலாக அனுபவத்துக்கு வந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அங்கே ராடார் நிலையம் இருந்தும் எச்சரிக்கை கிட்டவில்லை. நான்கு நாட்கள் கழித்துத் திருகோணமலையைத் தாக்க வந்தபோது அங்கிருந்த ராடார் வெகு தூரத்திலேயே அவற்றைக் கண்டுகொண்டதால், சண்டை விமானங்கள் முன்னதாகவே மேலே எழும்பி நிற்க முடிந்தது. ஒரே தீவு, ஒரே வாரம். கருவியின் பெருமையும் அதை நம்பியிருப்பதன் அபாயமும் அடுத்தடுத்துத் தெரிந்துவிட்டன.

பம்பாய்க்கு இந்த அத்தியாயத்தில் ஒரு தனி இடம் உண்டு. ராடார் சாஸ்திரம் பயிலும் மாணவர்கள் உலகெங்கும் இன்றும் படிக்கும் பழைய உதாரணம் ஒன்று பம்பாயைப் பற்றியது. யுத்த காலத்தில் இந்நகரத்துக் குன்று ஒன்றின்மேல் இருந்த, ஒன்றரை மீட்டர் அலைநீளத்தில் இயங்கிய ராடார், கோடை மாதங்களில் அரபிக் கடலின் அக்கரையை, அதாவது ஆயிரம் மைலுக்கும் அப்பாலுள்ள அரேபியாவின் மலைகளை, தன் திரையில் காட்டியது. பூமியின் வளைவு காரணமாக ராடாருக்கு அடிவானத்தைத் தாண்டிய பார்வை இருக்க நியாயமில்லை. ஆனால் கோடையில் நிலத்திலிருந்து வரும் வறண்ட உஷ்ணக் காற்று, கடலை ஒட்டிய ஈரமான குளிர்ந்த காற்றின்மேல் போர்வையாகப் படிந்துவிடும்போது, இரண்டுக்கும் இடையே ஒரு குழாய் அமைந்தாற்போல ஆகி, அலைகள் மேலே தப்பிப்போகாமல் கடலின் முதுகோடு வளைந்து வளைந்து சென்று திரும்புகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கி அந்தப் போர்வையைக் கலைத்ததும் அரேபியாவும் மறைந்துபோகும். வெகு தொலைவிலிருந்து தாமதித்து வரும் எதிரொலி, அடுத்த துடிப்புக்குரிய அண்மை எதிரொலி போல வேஷம் போடுவதும் உண்டு. அப்போது திரையில் தெரிவது அங்கே இல்லாத பொருள். காட்சியில் ஐயக்காட்சி, திரிபுக்காட்சி என்று நம் தர்க்க நூலோர் வகுத்து வைத்தது, கயிற்றைப் பாம்பென்று மயங்கும் மனிதக் கண்ணுக்கு மட்டும் உரியதென்று இனிச் சொல்வதற்கில்லை.

யுத்தம் முடிந்து சாந்தாகுருஸ் சிவில் நிர்வாகத்தின் கைக்கு வந்தபின், பல வருஷங்கள் வரை அங்கே கோலோச்சியது உரையும் கருதலுமே. விமானி ரேடியோவில், இன்ன இடத்தின்மேல் இன்ன நேரத்தில் இன்ன உயரத்தில் இருக்கிறேன், அடுத்த இடத்தை இன்ன நேரத்தில் கடப்பேன் என்று சொல்வார். கட்டுப்பாட்டாளர் அதை நீண்ட காகிதத் துண்டில் குறித்து, தமக்கு முன்னுள்ள பலகையில் நேர வரிசைப்படி செருகிக்கொள்வார். அந்தத் துண்டுக்கு ஸ்ட்ரிப் என்று பெயர். ஒரே உயரத்தில் ஒரே வழியில் செல்லும் இரண்டு விமானங்களுக்கு இடையே பத்து நிமிஷ இடைவெளி வைப்பது பொது வழக்கம். காணாததைக் கணக்கிட்டு நிர்வகிக்கும் இந்த முறை சாமானியமானதல்ல. நாற்பது விமானங்களின் நிலையை மனத்துக்குள் நகர்த்திக்கொண்டே இருக்கும் அவதானக் கலை என்றே அதைச் சொல்லவேண்டும். அரபிக் கடலின் நடுவே, ராடார் எட்டாத வெளியில், இதே முறை இன்றும் ஜீவித்திருக்கிறது. மஸ்கட், மொகதிஷு, செஷல்ஸ், மாலே ஆகிய நிலையங்களின் எல்லைகளைத் தொடும் அளவுக்கு விரிந்த மும்பையின் ஆகாயப் பிராந்தியத்தில் கடலே பெரும் பகுதி.

இதனிடையே வேகம் கூடிவிட்டது. 1948 ஜூன் 8ஆம் தேதி ஏர் இந்தியாவின் மலபார் பிரின்ஸஸ், பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு முதல் பிரயாணம் புறப்பட்டது. 1960இல் போயிங் 707 ஜெட் விமானங்கள் வந்து சேர்ந்தன. கண்ணை நம்பி இறங்குவது ஆபத்தாயிற்று. ஜுஹுவும் சாந்தாகுருஸும் கூப்பிடு தூரம். இரண்டிலும் முக்கிய ஓடுபாதை ஏறக்குறையக் கிழக்கு மேற்காகவே கிடக்கிறது. 1953 ஜூலை 15ஆம் தேதி பிரிட்டிஷ் ஓவர்சீஸ் கம்பெனியின் காமெட் ஜெட் ஒன்று சாந்தாகுருஸ் என்று எண்ணி ஜுஹுவில் இறங்கிவிட்டது. அந்தச் சிறிய பாதையிலிருந்து அதைக் கிளப்பிக்கொண்டு போக ஒன்பது நாட்கள் ஆயின. அதனால் ஊர் பாடம் படித்ததோ என்றால் இல்லை. 1972 செப்டம்பர் 24ஆம் தேதி ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 அதே ஜுஹுவில் அதே மயக்கத்தால் இறங்கி, பாதையைத் தாண்டி ஓடி உருக்குலைந்தது. உயிர்ச்சேதம் இல்லாதது தெய்வாதீனம்.

கருதலின் பிழை அவ்வளவு தயை காட்டவில்லை. 1962 ஜூலை 7ஆம் தேதி மழைக்கால நள்ளிரவில், சிட்னியிலிருந்து ரோம் நோக்கிச் சென்ற அலிடாலியா விமானம், பாங்காக்கைக் கடந்து பம்பாயில் இறங்க வரும் வழியில், நகரத்துக்கு வெகு அருகில் வந்துவிட்டதாகத் தவறாகக் கணக்கிட்டு முன்னதாகவே தாழ்ந்து, ஜுன்னர் பக்கத்து மலையில் மோதியது. அதிலிருந்த 94 பேரும் மாண்டார்கள். பம்பாய்க்குக் கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பூகோளம். தாம் மலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மட்டும் விமானிக்குத் தெரியவில்லை. பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே ஒரு விமானம் இறங்கினால் கட்டுப்பாட்டாளர் திரையில் தானே எச்சரிக்கை எழுப்பும் ஏற்பாடு இன்றைய சாதனங்களில் இருக்கிறது. அது இத்தகைய விபத்துக்களின் கூலி.

செம்பூர்வாசிகள் நன்கறிந்த ஒரு பெயரோடு அடுத்த சம்பவம் பிணைந்திருக்கிறது. திராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய ஹோமி பாபா, 1966 ஜனவரி மாதம் வியன்னா செல்வதற்காகப் பம்பாயிலிருந்து கிளம்பிய காஞ்சன்ஜங்கா என்னும் போயிங் 707இல் பிரயாணம் செய்தார். ஜனவரி 24ஆம் தேதி காலை, ஜெனீவாவை நெருங்கும்போது, அது மோன் பிளான் சிகரத்தில் மோதி 117 பேர் இறந்தார்கள். (மலையின் பெயர் சூடிய விமானம் மலையிலேயே முடிந்தது என்று அப்போது பலர் சொல்லி வருந்தியிருக்கவேண்டும்.) விமானத்தில் திசையறியும் கருவிகளில் ஒன்று பழுதாகியிருந்தது. ஜெனீவாவின் ராடார் கட்டுப்பாட்டாளர் விமானம் மலைக்கு இன்னும் இந்தப் பக்கம் இருப்பதைத் திரையில் கண்டு, தூரத்தைச் சொல்லித் திருத்த முயன்றார். தாம் மலையைக் கடந்துவிட்டதாக எண்ணியிருந்த விமானி அந்தத் திருத்தத்தை வேறு விதமாக அர்த்தம் செய்துகொண்டு இறங்கினார் என்பது விசாரணையின் முடிவு. ராடார் கண்டது சரி. கண்டவர் சொன்னதும் சரியே. கேட்டவரிடம் அது போய்ச் சேரவில்லை.

ராடார் காண்பது எவ்விதம் என்பதை இங்கே சற்று விளக்கிவிடுவது நலம். சுழலும் அலைவாங்கியிலிருந்து வீசப்படும் ரேடியோத் துடிப்பு, விமானத்தின் உலோக உடலில் பட்டுத் திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தூரத்தையும், அலைவாங்கி முகம் காட்டிய திக்கைக் கொண்டு திசையையும் கணிப்பது முதல்நிலை ராடார். அது யாருடைய தயவையும் எதிர்பார்ப்பதில்லை. வானத்தில் உள்ளதை உள்ளபடி தட்டிப் பார்க்கிறது. ஆனால் அதன் திரையில் விமானம் ஒரு புள்ளி மாத்திரமே. அந்தப் புள்ளிக்குப் பெயர் இல்லை, உயரமும் இல்லை. அதிலும் பம்பாயின் ஆடி மாத மழை, விமானத்தைப் போலவே எதிரொலி தரவல்லது. நகராத மலையையும் மெல்ல நகரும் மழையையும் கழித்துவிட்டு, விரைந்து நகர்வதை மட்டும் நிறுத்திக்கொள்ளும் சூட்சுமங்களை அதில் சேர்க்கவேண்டியிருந்தது. இரண்டாம்நிலை ராடாரின் ரீதியே வேறு. யுத்தத்தில் வருவது நண்பனா பகைவனா என்று வினவுவதற்காகப் பிறந்த உபாயம் அது. தரையிலிருந்து ஒரு கேள்வி போகும். விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்னும் பெட்டி, தனக்குக் கொடுக்கப்பட்ட நான்கு இலக்க எண்ணையும், விமானத்தின் உயரத்தையும் பதிலாக அனுப்பும். புள்ளி பேச ஆரம்பித்தது என்று மகிழலாம். ஆயினும் தத்துவ ரீதியில் பார்த்தால், இரண்டாம்நிலை ராடார் திரும்பவும் உரையின் பக்கம் சாய்ந்துவிட்டது. விமானம் இருக்கும் இடத்தை ராடார் தானே கண்டாலும், உயரம் என்பது விமானம் சொல்வதே.

அந்த உரையும் இல்லாதிருந்ததன் விளைவை 1996 நவம்பர் 12ஆம் தேதி மாலை நாடு கண்டது. டில்லியிலிருந்து மேலே ஏறிய சவூதி விமானமும், டில்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதி 349 பேர் மாண்டார்கள். வானத்தில் இரண்டு விமானங்கள் மோதிய விபத்துக்களில் இதைவிடக் கொடியது உலகில் இன்றுவரை நிகழவில்லை. ஏறுவது 14,000 அடியிலும் இறங்குவது 15,000 அடியிலும் நிற்கவேண்டும் என்பது உத்தரவு. கஜகஸ்தான் விமானம் தன் அளவுக்குக் கீழே நழுவியதை டில்லியின் முதல்நிலை ராடார் காட்டவில்லை, காட்டவும் இயலாது. வருவதற்கும் போவதற்கும் ஒரே ஆகாயப் பாதை என்பது மற்றொரு குறை. நீதிபதி லஹோத்தி தலைமையில் விசாரணை நடந்தது. அதன்பின் வரும் பாதையும் போகும் பாதையும் பிரிக்கப்பட்டன, மோதலைத் தவிர்க்கும் எச்சரிக்கைக் கருவி இந்தியாவுக்கு வரும் விமானங்களில் கட்டாயமாக்கப்பட்டது. இதில் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று. டில்லிக்கும் பம்பாய்க்கும் சேர்த்து அமெரிக்காவின் ரேதியான் கம்பெனியிடமிருந்து புதிய ராடார்களும் கணினிச் சாதனங்களும் வாங்கி நிறுவும் பெருந்திட்டம் விபத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. உபகரணங்கள் முழுதும் வேலைக்கு வருவதற்குள் விபத்து முந்திக்கொண்டது. தொண்ணூறுகளின் இறுதியில் அவை இரு நகரங்களிலும் இயங்கத் தொடங்கின. நம் நாட்டில் அபிவிருத்தி என்பது பெரும்பாலும் கருமாதிக்குப் பிறகு வரும் சொத்தாகவே இருந்துவிடுகிறது.

புதிய ராடார் வைப்பது என்றால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது என்று எண்ணுபவர்களுக்கு, அது ஓடும் ரயிலில் சக்கரம் மாற்றுவதற்கு நிகரான காரியம் என்று மட்டும் சொல்லலாம். பழையது ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் புதியதையும் ஓடவிட்டு, இரண்டு திரைகளும் ஒத்துச் சொல்கின்றனவா என்று மாதக்கணக்கில் சரிபார்க்கிறார்கள். அளவைச் சோதனைக்கென்றே அமைந்த விமானம் குறிப்பிட்ட வழிகளில் பறந்து, ராடார் எங்கே காண்கிறது, எங்கே குருடாகிறது என்று எழுதிக்கொடுக்கிறது. கட்டுப்பாட்டாளர்கள் பொய்யான வானத்தில், பொய்யான விமானங்களை வைத்துப் பயில்கிறார்கள். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரேதியானின் பழைய கணினி அமைப்புக்குப் பதிலாக அதன் மூன்றாம் தலைமுறை வந்தபோது, நாகபுரி, அகமதாபாத், மங்களூர் முதலிய வெளியூர் ராடார்களின் காட்சியையும் ஒன்றாகக் குழைத்து ஒரே சித்திரமாகக் கட்டுப்பாட்டாளருக்குத் தரும் வசதி விருத்தியடைந்தது. 83.8 மீட்டர் உயரமுள்ள புதிய கோபுரம் 2013 அக்டோபர் 18ஆம் தேதி திறக்கப்பட்டு, 2014 ஜனவரி முதல் தேதியிலிருந்து வேலை செய்கிறது. விமான நிலையத்தின் நிர்வாகம் 2006இல் தனியாருக்குப் போய், பின்னர் கைமாறியும்விட்டது. வானத்தின் நிர்வாகம் மட்டும் 1995இல் அமைந்த இந்திய விமான நிலைய ஆணையத்திடமே இருந்துவருகிறது.

இவ்வளவும் எதற்கென்றால், மும்பையின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் உபயோகிக்க முடியும். அப்படியிருந்தும் 2018 டிசம்பர் 8ஆம் தேதி ஒரே நாளில் 1,007 விமானங்கள் ஏறியும் இறங்கியும் சென்றன. பிரதான பாதையைச் செப்பனிடும் நாட்களில் இரண்டாவது பாதைக்குப் போக்குவரத்து மாறும்போது, செம்பூர் மக்கள் அதைக் காதாலேயே அறிவார்கள். அந்தப் பாதையின் தென்கிழக்கு முனைக்கு எட்டு கிலோமீட்டர் தூரத்தில் திராம்பே குன்று நிற்கிறது, அதன் அடிவாரத்தில் பாபாவின் அணு நிலையம்.

நகரத்துக்கும் ராடாருக்கும் உள்ள வியாஜ்யம் தனியானது. ராடாரும் ரேடியோவும் நேர்ப்பார்வை வேண்டுபவை. நகரமோ மேல்நோக்கி வளர்வது. நிலையத்தைச் சுற்றிப் பல கிலோமீட்டர் வரை எந்த வட்டாரத்தில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்று வர்ணம் தீட்டிய வரைபடம் போட்டிருக்கிறார்கள். தாராவியின் புனர்நிர்மாணத்தில் எத்தனை மாடி எழுப்பலாம், எத்தனை குடும்பங்களுக்கு அதே மண்ணில் இடம் கிடைக்கும் என்ற கணக்கிலும் இந்த வரைபடம் வந்து உட்கார்ந்திருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டுப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, ராடார் என்ற சொல் விமானத்தின் பொருட்டன்றி வீட்டின் பொருட்டு அறிமுகமாவது விசித்திரந்தான். விமானத்தின் க்ஷேமமும் வேண்டும், மனிதனுக்குக் கூரையும் வேண்டும். எனினும் உயரத்தைக் காரணம் காட்டி ஏழையின் வீட்டைக் குறைப்பதில் உள்ள சுறுசுறுப்பு, உயரத்தை மீறிய செல்வர்களின் மாடிகளை இடிப்பதில் காணப்பட்டதில்லை என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது உரையின் ராஜ்யம் மறுபடியும் தலையெடுக்கிறது. செயற்கைக் கோள்களிடமிருந்து தன் இருப்பிடத்தை அறிந்துகொள்ளும் விமானம், யாரும் கேளாமலே அதை அடிக்கடி ஒலிபரப்பிக்கொண்டே போகும் ஏடிஎஸ்-பி என்னும் முறை இந்தியாவிலும் நிலைபெற்றுவிட்டது. தரையில் அதற்குச் சுழலும் பெரிய அலைவாங்கி தேவையில்லை, செலவும் சொற்பம். ஆனால் செயற்கைக் கோளின் சமிக்ஞையை யாரேனும் போலியாக அனுப்பி ஏமாற்றினால், விமானம் தான் இல்லாத இடத்தைத் தன் இடமென்று சத்தியமாகச் சொல்லும். மும்பை உட்பட நம் பெரிய விமான நிலையங்கள் சிலவற்றில் இத்தகைய குறுக்கீடு அறியவந்ததாக மத்திய சர்க்காரே 2025இல் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. அதே வருஷம் அக்டோபர் 8ஆம் தேதி கழிமுகத்துக்கு அக்கரையில் நவி மும்பை விமான நிலையம் திறக்கப்பட்டு, ஒரே வானத்தை இரண்டு பெரிய நிலையங்கள் பங்கிட்டுக்கொள்ளவேண்டிய நிலையும் வந்துவிட்டது. விலையும் மின்சாரமும் அதிகம் பிடிக்கும் முதல்நிலை ராடாரைக் கைவிடலாம் என்ற யோசனை பிற தேசங்களில் பேசப்படுகிறது. மும்பையில் அதற்கு இடம் கொடுக்கலாகாது என்பது என் துணிபு. டிரான்ஸ்பாண்டர் பெட்டி பழுதாகி ஊமையான விமானத்தைக் கண்டுபிடிக்க வேறு சாட்சி கிடையாது.

ஆயினும் அதே ஜுஹுவிலிருந்து, பம்பாய் ஹை எண்ணெய் மேடைகளுக்கு நாள்தோறும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறக்கும் ஹெலிகாப்டர்களின் விஷயத்தில் வழக்கு தலைகீழாகிறது. கரையிலிருந்து நூற்றறுபது கிலோமீட்டர் தள்ளியுள்ள அந்த மேடைகளை நெருங்கும்போது, சில ஆயிரம் அடி உயரத்தில் செல்லும் ஹெலிகாப்டர் பூமியின் வளைவுக்குக் கீழே போய்விடுகிறது. கோடைக் காற்று குழாய் அமைத்துக் கொடுத்தாலன்றி, எவ்வளவு விலைமதிப்புள்ள ராடாராலும் கரையிலிருந்து அதைக் காண இயலாது. அங்கே விமானி சொல்வதைக் கேட்டு, நேரத்தைக் குறித்து, அடுத்த செய்தி எப்போது வரவேண்டும் என்று கணக்கிட்டுக் காத்திருப்பதைத்தான் கட்டுப்பாட்டாளர்கள் செய்துவருகிறார்கள்.